கேட்காமலே சொன்ன பெயர்

ஜூன் 3

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

அக்கா என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் கேட்டுவிடலாம் என்றால் என் போனை ஒட்டுக்கேட்கிறார்களாம். வீட்டு ஆட்களிடம் வழக்கைப் பற்றிப் பேசினால் அது தனிக் குற்றமாம். வரி அலுவலகத்து அதிகாரி அப்படித்தான் சொன்னார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஒரு ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. என் பெயர், கடையின் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் வரிசையாகச் சொன்னார். ரிப்பேர் கடைக்கு விளம்பரம் போடச் சொல்லி அழைக்கிறவர்கள் என்று நினைத்து வைக்கப் போனேன். அப்போதுதான் கேட்டார்: "கல்லாவுக்குக் கீழ, பழைய கம்ப்ரசர் பெட்டிக்குள்ள ரெண்டாவது நோட்டு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதை நீங்களே கொண்டு வர்றீங்களா, இல்ல நாங்க வந்து எடுத்துக்கவா?"

அந்த நோட்டு இருப்பது என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. ஜனவரியில் நீங்கள் வந்து நான்கு நாள் தங்கினீர்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைக்கு வந்து பழைய பில்களை அடுக்கினீர்கள். அப்போது கையில் அகப்பட்டது. "இது என்னடா?" என்றீர்கள். "ரசீது கேக்காத வேலையெல்லாம் இதுல எழுதுவேன்" என்றேன். "தப்புடா தம்பி" என்றீர்கள். தப்புதான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"இந்தத் தகவல் எங்கேர்ந்து சார் வந்தது?" என்று கேட்டேன். "உங்க ரத்த சம்பந்தம்தான். அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது" என்றார்.

எனக்கு ரத்த சம்பந்தம் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள்.

பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் கடைக்குச் சீல் வைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்பது வயதில் அம்மா போனபோது எனக்குச் சோறு ஊட்டிய கைதானா என்னைக் காட்டிக் கொடுத்தது?  என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறை அறைந்திருக்கலாம். ஆபீஸ் வாசல் ஏறியா சொல்ல வேண்டும்?

நீளமாக எதுவும் வேண்டாம். நீங்கள்தானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரன்


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம்.

நீ கேட்டபடி ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் அதுவும் பொய்யாகிவிடும். கொஞ்சம் பொறுமையாக வாசி. 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது போல இருந்தது.

நான் எந்த ஆபீஸ் வாசலும் ஏறவில்லை. மே 27 அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவர்தான் என்னை அழைத்தார். ஓய்வு பெற்ற பிறகு, கடைசி மூன்று வருடமாக வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வாங்கிய கட்டணத்தை நான் எங்குமே காட்டவில்லை என்றார். உண்மைதான். அது வருமானத்தில் சேரும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பிறர் விடைத்தாளில் அரை மதிப்பெண் தப்பைக்கூடக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் தாள் கண்ணில் படவில்லை. 

லைனைத் துண்டிக்கக் கூடாது என்றார். மதியம் ஒன்றரை மணி வரை துண்டிக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே செருப்பு மாட்டினேன், வீட்டைப் பூட்டினேன், வங்கிக்கு நடந்தேன். அவர் நல்ல பண்பான மனிதர். 'டீச்சர், டீச்சர்' என்றுதான் பேசினார். அபராதத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது இரண்டு வருடத்துக்குத்தான் போட்டிருந்தார். "சார், மூணு வருஷம் ஆச்சு, நீங்க ஒரு வருஷத்தை விட்டுட்டீங்க" என்று நான்தான் திருத்தினேன். கூடுதலாகத்தான் கட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

வங்கியில் பணம் அனுப்பும் இடத்தில் இருப்பவன் என் பழைய மாணவன். "டீச்சர், இவ்வளவு பெரிய தொகையை யாருக்கு அனுப்புறீங்க? யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா?" என்றான். வீடு ரிப்பேர் என்று சொல்லும்படி அதிகாரி முன்னமே சொல்லியிருந்தார். விசாரணை ரகசியமாம். "வீடு ரிப்பேர்டா" என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய்.

உன்னைப் பற்றி அவர் கேட்டார், நான் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அரசாங்கத்திடம் மறைப்பது மருத்துவரிடம் மறைப்பது போல. காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டால் இரண்டு நாளை ஒரு நாள் என்றா சொல்வோம்? மருந்து தப்பாகிவிடாதா?

நான் சொல்வதைக் கேள். பத்தாம் தேதி வரை காத்திருக்காதே. கட்டிவிடு. காலில் தைத்த முள்ளை எடுக்கும்போது வலிக்கும். எடுத்த பிறகு நடக்கலாம். வழக்கு முடியும் வரை போனை அணைத்து வைக்கும்படி எனக்கு உத்தரவு. அதனால் நீயும் கடிதமே போடு.

என்மேல் கோபம் இருக்கட்டும். சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 10, கூரியர்

அக்கா,

உன் போனுக்கு எட்டு முறை அடித்தேன். அணைத்தே வைத்திருக்கிறாய். இந்தக் கூரியர் நாளை காலை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். நின்றபடியே வாசிக்காதே. உட்கார்ந்துகொள்.

நீ சொன்னபடி நேற்று பாதிப் பணத்தைக் கட்டினேன். மீதியைப் புரட்ட ஒரு மாதமாவது வேண்டும். அதற்கு அவகாசம் கேட்கப் போனில் அடித்தால் அந்த ஆள் சீறி விழுகிறான். "நேர்ல வந்து கால்ல விழுறேன் சார்" என்றேன். "நேர்ல எல்லாம் வரக்கூடாது" என்றான். அங்கேதான் எனக்கு இடித்தது.

என் தொழில் உனக்குத் தெரியும். கஸ்டமர் போனில், "மோட்டார் போச்சு, எவ்வளவு ஆகும்?" என்பார். நான் நம்பவே மாட்டேன். போய்ப் பார்த்தால் பிளக் சரியாகச் சொருகியிருக்காது. மெஷினைக் கண்ணால் பார்க்காமல் நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்லை. இதை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டேன்? இன்று காலை நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனேன்.

அது ஒரே தளம் உள்ள கட்டடம் அக்கா. மாடியே கிடையாது. எனக்கு அவன் சொன்னது "மூணாவது மாடி, பதினாலாம் நம்பர் ரூம்".

கவுண்டரில் இருந்த அம்மா, அதிகாரி பெயரைச் சொன்னதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு அனுப்பினீங்கண்ணே?" என்றார். நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை! "பாதி" என்றேன். "மீதிய அனுப்பிடாதீங்க. வரி பாக்கி இருந்தா எங்ககிட்டேர்ந்து கடிதம் வரும். பணம் கட்டுறது அரசாங்கக் கணக்குலதான். போன்ல மிரட்டி, யாரோ ஒருத்தர் சொந்தக் கணக்குல போடச் சொன்னா அது நாங்க இல்ல. வீட்ல சொல்லாதே, லைனைக் கட் பண்ணாதே, இன்னிக்கே கட்டுன்னு சொன்னாலே திருடன்னு வச்சுக்குங்க" என்றார். இந்த மாதம் நான் ஒன்பதாவது ஆளாம்.

நாம் இரண்டு பேரும் ஏமாந்துவிட்டோம் அக்கா.

அந்த அம்மா எழுதிக் கொடுத்ததை அப்படியே உனக்கு எழுதுகிறேன். முதலில் வங்கிக்குப் போ. பணம் போன கணக்கை நிறுத்தச் சொல். பிறகு போலீஸில் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடு. அவன் அழைத்த எண், நேரம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதே. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு மிஞ்சும். நான் வங்கிக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மதியமே போலீஸுக்கும் போகிறேன்.

இன்னொன்று. ஆபீஸில் நீ என்னைப் பற்றிப் புகார் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு திருடனிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். எது பரவாயில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன், விடை வரவில்லை.

உடனே போ.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'ஐயோ, இவன் யாரிடமோ ஏமாந்துவிட்டானே' என்பதுதான். அந்தக் கவுண்டர் அம்மாளுக்கு விஷயம் தெரியவில்லை, மேலிடத்து வழக்கெல்லாம் அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தேன். போனைப் போட்டு, அவர் எண்ணுக்கே அழைத்தேன்.

"டீச்சர், சொல்லுங்க டீச்சர்" என்றார். அதே குழைவு.

"சார், உங்க ஆபீஸ் எத்தனையாவது மாடி?" என்றேன்.

"மூணாவது மாடி டீச்சர், ஏன்?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் யாரோடு இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்துவிட்டது. லைனை வைத்தது அவர்தான். அப்போதும் எனக்கு வைக்கத் தெரியவில்லை.

மறுநாள் வங்கி வரை போனேன். கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பையன் தெரிந்தான், ஏதோ ஒரு பெரியவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் வகுப்பில் அவன் பென்சிலைத் தொலைத்துவிட்டு வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னபோது, பொய் சொன்னதற்காகக் கால் மணி நேரம் நிற்க வைத்தவள் நான். உள்ளே போகவில்லை. அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் முழங்கால் வலி. மழையும் வலியும் உண்மைதான், ஆனால் பால் வாங்கப் போகாமல் இருக்கவில்லையே.

போலீஸில் என்ன சொல்வேன்? முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவள், திருடன் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தி, கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றா? ஊருக்கெல்லாம் சிரிப்பாகிவிடும். போன பணம் போகட்டும். என் பென்ஷன் எனக்குப் போதும். உன் பணம் மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும். நான் புகார் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: எங்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், அடுத்த தெருவில் இருக்கிறாரே, அவருடைய எண்ணையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.


ஜூன் 17, கூரியர்

அக்கா,

பின்குறிப்பில் எழுதுகிற விஷயமா அது?

வீட்டில் தீ என்று தெரிந்த பிறகு, அடுத்த வீட்டுக்காரரை எழுப்புவதற்கு முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு எடுத்துக்காட்டு சொன்னால்தானே புரியும், அதனால் சொல்கிறேன். இன்றே அவர் வீட்டுக்குப் போ. கடிதம் எழுதாதே. செருப்பு மாட்டு, போ.

நீ புகார் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் கட்டிய பாதிப் பணத்தில் கொஞ்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் எல்லாருடைய பணத்தையும் ஒரே கணக்கில்தான் வாங்குகிறானா, வேறு கணக்கு இருக்கிறதா என்று உன் ரசீதைப் பார்த்தால்தான் தெரியுமாம். தும்பை விட்டுவிட்டோம், வாலையாவது பிடிக்க வேண்டாமா? ஊர் சிரிக்கும் என்கிறாய். சிரிக்கட்டுமே.  சிரிக்கிறவனுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் உன் ஞாபகம் வரும், போனை வைத்துவிடுவான்.

இன்னொரு விஷயம், உன் கடிதம் வந்ததிலிருந்து என்னை அரிக்கிறது. ரிப்பேர்க்காரன் புத்தி, ஒரு ஒயர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. 'அவர் கேட்டார், நான் சொன்னேன்' என்று எழுதியிருந்தாய். அடுத்த தெருவில் ஓவிய வாத்தியார் என்று ஒருவர் இருக்கிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு நோட்டு உண்டு என்பது எப்படித் தெரியும்? தெரியாத விஷயத்தை ஒருவன் எப்படிக் கேட்பான்?

அழுகையாக வந்தால் அழு. ஆனால் போனைப் போட்டு வை.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

பதினெட்டாம் தேதி உன் கூரியர் வந்ததும் ஓவிய ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார். இன்னொரு கையில் போன். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கூடம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. அதே குழைவு, 'டீச்சர்' இருந்த இடத்தில் 'சார், சார்'. மேசையில் அவருடைய வங்கிப் புத்தகமும் மூக்குக்கண்ணாடிக் கூடும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கிளம்பத் தயாராக, நல்ல சட்டை போட்டிருந்தார்.

நான் கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றேன். அவர் போனை மார்போடு சேர்த்துப் பிடித்து, என் காதருகே குனிந்து, "டீச்சர், தடுக்க யாராவது வருவாங்கன்னு சார் முன்னாடியே சொல்லிட்டார். தெரிஞ்சவங்களாவே இருப்பாங்கன்னார். நீங்க தயவுசெஞ்சு போயிடுங்க" என்றார். இத்தனை வருடம் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர், என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். பார்க்க வேண்டிய ஆளைத்தான் அப்படிப் பார்த்தார், ஆனால் அது அவருக்குத் தெரியாது.

வாதம் செய்தால் திருடனுக்குக் கேட்கும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மேசைமேல் வரைதாளும் கரித்துண்டும் கிடந்தன. பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் பிடித்தேன்: 'லைனைக் கட் பண்ணாமல் வங்கிக்குப் போகச் சொல்வான்.'

எழுதி முடித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சார், லைனைக் கட் பண்ணாம அப்படியே பேங்குக்குக் கிளம்புங்க" என்றது போன்.

அவர் தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். தற்செயல் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. அடுத்ததை எழுதினேன்: 'எதற்கு என்று கேட்டால் வீடு ரிப்பேர் என்று சொல்லச் சொல்வான்.'

"பேங்க்ல கேட்டா வீட்டு ரிப்பேர் வேலைன்னு சொல்லிடுங்க, என்ன?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதை எழுத எனக்குக் கை கூசியது தம்பி. அது எனக்கு மட்டும் சொன்னது என்று ரகசியமாக வைத்திருந்தது. இருந்தாலும் எழுதினேன்: 'உங்களை மாதிரி நேர்மையானவர் லட்சத்தில் ஒருத்தர் என்பான்.'

அது வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. வராமல் போய்விடக் கூடாதா என்றுகூட எனக்கு ஓர் ஆசை வந்தது, அந்த அற்ப ஆசையையும் உனக்கு எழுதிவிடுகிறேன். வந்தது. "உண்மையச் சொல்லணும்னா, உங்களை மாதிரி நேர்மையானவங்க லட்சத்துல ஒருத்தர் சார்."

ஓவிய ஆசிரியர் போனை வைத்துவிட்டார். "உங்களுக்கும் இதே வார்த்தைதானா டீச்சர்?" என்றார்.

"இதே வார்த்தைதான் சார்."

"எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றார். தலை குனிந்திருந்தார். "உங்க நம்பரை அவனுக்குக் கொடுத்தது நான்தான்" என்று சொன்னேன்.  நல்ல சட்டை போட்டிருந்ததால் அப்படியே என்னோடு போலீஸுக்குக் கிளம்பி வந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தாரே, அதுவே பெரிது.

அங்கே ஒரு பெண் காவலர், வயது முப்பதுக்குள் இருக்கும், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். திருடனின் கணக்கை நான் திருத்தியதைச் சொன்னபோது அவள் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கினாள். நான் பயந்ததெல்லாம் அந்த ஒரு துடிப்புக்குத்தான். அது வந்தது, போனது, நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

எழுதி முடித்ததும் சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டுமாம். கூடத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் கேட்க வாசித்தாள். 'மேற்படி நபர் என் தம்பியைப் பற்றிக் கேட்டதன் பேரில் விவரங்களைக் கொடுத்தேன்' என்று ஒரு வரி வந்தது.

"எல்லாம் சரியாம்மா?" என்றாள்.

"ஒரு வரி சரியில்லை. அவன் கேட்கலை. நானாத்தான் சொன்னேன்."

"அது கேஸுக்குத் தேவையில்லம்மா. யாரும் கேக்கப் போறதில்ல."

"என் தம்பி கேட்டிருக்கான்" என்றேன். மாற்றி எழுதினாள். நானே சொல்லச் சொல்ல.

உனக்கும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கும். நான் உள்ளே நுழைந்து இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நான் இல்ல, அவன்" என்று பக்கத்தில் இருப்பவனைக் காட்டும். எல்லா வகுப்பிலும் அப்படி ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையை எனக்கு எந்த வருடமும் பிடித்ததில்லை.

மே 27 அன்று பணம் கட்டி முடித்தாகிவிட்டது. போனை வைத்திருக்கலாம். அப்போதுதான் அந்த 'லட்சத்தில் ஒருத்தர்' வந்தது. ஓய்வு பெற்று ஐந்து வருடமாக என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருந்தது. "என் கூடப் பிறந்தவனுக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன் சார், கேக்க மாட்டான்" என்றேன். அவன் எதையுமே கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். பிறகு கடை, தெரு, கல்லா, பெட்டி எல்லாம் சொன்னேன். அதே மூச்சில் ஓவிய ஆசிரியர் வீட்டில் பாடம் எடுப்பதையும் சொன்னேன். சாக்பீஸ் வெள்ளை என்று தெரியப் பின்னால் கரும்பலகை வேண்டும். உன்னைப் பலகையாக்கினேன்.

பிறகு உன்னிடம் 'அவர் கேட்டார்' என்று பொய் எழுதினேன். போதாததற்குக் கட்டிவிடு என்று புத்தியும் சொன்னேன். நீ கட்டிய பணம் என் பேச்சைக் கேட்டுக் கட்டியது.

வங்கிக்கும் போய்விட்டு வந்தேன். அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. "அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும் டீச்சர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான். அவன் கண்ணிலும் குற்றவுணர்ச்சி. என் பொய் எங்கெல்லாம் போய் யார் யார்மேல் ஒட்டியிருக்கிறது பார்.

நாள் கடந்துவிட்டதால் என் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. போனைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நீ அழைத்தால் எனக்குப் பேச்சு வராது. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. நீ கேட்ட ஒயர் எங்கே போகிறது என்று காட்டிவிட்டேன். அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். எங்கள் ஊர் போலீஸில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உன் புகாரும் என் புகாரும் கம்ப்யூட்டரில் ஒரே கணக்கு எண்ணில் போய் முட்டியதாம். இன்னும் நான்கு பேர் அதே கணக்கில் போட்டிருக்கிறார்கள். உன் ரசீதை வைத்து, உன் பணம் அங்கிருந்து மாறிப் போன இன்னொரு கணக்கையும் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் யாரோ ஒருவருடைய மொத்தப் பணமும் அப்படியே இருக்கிறதாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப் போவதில்லை.

அந்த ஏட்டு உன் புகாரை வாசித்துவிட்டு, "உங்க அக்கா எதுக்கு இந்த வரிய எழுதியிருக்காங்க? தானாவே சொன்னேன்னு? இதனால கேஸுக்கு ஒரு உபயோகமும் இல்லையே" என்றார்.

"அவ டீச்சர் சார்" என்றேன்.

"அதுக்கு?"

 வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். சத்தமாகத்தான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அடுத்த மூன்று நாள் கடையில் ஒரு ஸ்க்ரூகூட நேராக இறங்கவில்லை. ஒரு கஸ்டமரின் வாஷிங் மெஷின் கதவைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்து, "அண்ணே, இது எந்தப் பக்கம் திறக்கும்?" என்று அவர் கேட்க, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் வீட்டில் சொன்னேன். வேறு வழியில்லை. போலீஸிலிருந்து ஒரு கடிதம் வீட்டு முகவரிக்கே வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன், நீ என்னைக் காட்டிக் கொடுத்ததைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் உன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து கேட்டாள்: "அக்கா காட்டிக் கொடுத்தாங்க, காட்டிக் கொடுத்தாங்கன்னு இந்த மாசம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களே, அந்த நோட்டு இல்லன்னா அவங்க எதைக் காட்டிக் கொடுத்திருப்பாங்க?"

நான் வாயைத் திறந்தேன். "இருங்க, இன்னும் முடிக்கல" என்றாள். "போன்ல பேசினவன் திருடன். சரி. இருபத்தாறு வருஷமா என்கிட்ட ஒளிச்சு வச்சிருந்த நீங்க யாரு?"

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் கனம் இருந்தது. அதனால்தான் நானும் ஒருத்தரையும் கேட்காமல், ஓடிப் போய்க் கட்டினேன். நீ கட்டச் சொன்னதால் மட்டும் இல்லை. அந்தப் பழியை முழுசாக உன்மேல் போட்டிருந்தேன், பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வரி அலுவலகத்துக்குப் போனேன். அதே கவுண்டர் அம்மா. "என்னண்ணே, மறுபடி யாராவது போன் பண்ணினாங்களா?" என்றார். "இல்லம்மா, இந்தத் தடவை யாரும் கூப்பிடல" என்று நோட்டை வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். தவணையில் கட்டலாம் என்கிறார்கள். கடிதம் வருமாம். நிஜக் கடிதம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் கை வரவில்லை அக்கா. வந்தால் எழுதுகிறேன். உன்னை நினைத்தால் இன்னும் ஒரு பொழுது கோபமாகவும் ஒரு பொழுது பாவமாகவும் இருக்கிறது. எந்தப் பொழுது எது வரும் என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். பேச்சு வராது என்று எழுதியிருந்தாய், வராவிட்டால் பரவாயில்லை, இந்த வீட்டில் இப்போது யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அவள் எனக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள். கூடத்தில் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். தனியாக உட்கார முடியவில்லை அக்கா. நீ வந்தால் இரண்டு பேராவோம்.

தம்பி